இரண்டாவது வாக்கியம்

9.1.1993

ஐயா,

மச்சான் என்று எழுதிப் பதினெட்டு வருஷமாகிறது. கைக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. உங்கள் தங்கை நலம். அவள் சொல்லி இதை எழுதவில்லை.

எங்கள் வீட்டு வாயாடி, என் மகள், படிப்பதற்காகத்தான் உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறாளாம், நீங்கள்தான் பயிற்சியாம். எல்லாருக்கும் தெரிந்த பிறகு பெற்றவனுக்குத் தெரிகிறது. நல்ல மரியாதை.

அன்று நாம் சேர்ந்து ஓடிய போட்டியில், முப்பத்தோராவது கிலோமீட்டரில் நான் குப்புற விழுந்தேன். இரண்டடி முன்னால் ஓடிய நீங்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே போய், முடிவுக்கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் என்னைத் தேடி வந்தீர்கள். என் முன்பல் கட்டிய பல். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் முதுகுதான் தெரிகிறது. அந்த முதுகுக்குப் பின்னால் என் மகள் ஓட வேண்டாம். நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்


16.1.1993

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என் மனைவி, "யாரு போயிட்டா?" என்று பதறினாள். "யாரும் போகல, மாப்பிள்ளைக்குக் கோபம் வந்திருக்கு" என்றேன். "அது எப்ப போச்சு, புதுசா வர்றதுக்கு?" என்கிறாள்.

பயப்படாதீர்கள். நான்கு மாதமாக நிதானமாகத்தான் ஏற்றியிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், மறுநாள் ஓய்வு. முதல் பாதியைச் சோம்பேறி மாதிரி ஓடு, மிச்சம் வைத்தவள்தான் கடைசியில் ஓடுவாள் என்று தினமும் சொல்கிறேன். முன்னால் ஓடி வேகம் வைக்கிறவன் திரும்பிப் பார்த்தால் இருவருக்கும் தாளம் தப்பும். அதனால் நம் பழைய முறையேதான். மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை, "என்ன சொல்றே?" என்று கேட்பேன். பின்னாலிருந்து ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் வந்தால் வேகம் சரி. திணறினால் குறைப்பேன்.

உங்கள் மகள் ஒருமுறைகூடத் திணறியதில்லை. போன ஞாயிறு இருபத்தேழாவதில், "மாமா, உங்களை விட உங்க நிழல் வேகமா ஓடுது" என்றாள். தண்ணீர்போல் தெளிவாக. அதனால் கிலோமீட்டருக்குப் பத்து வினாடி குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறேன். போட்டி 31ஆம் தேதி ஞாயிறு. தங்கையோடு வந்து பாருங்களேன்.

அன்புடன்,
மச்சான்


25.1.1993

மச்சான்,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. ஐந்து நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். கிளம்பி வரலாம் என்று இருமுறை செருப்பு மாட்டினேன். உங்கள் வாசலில் நின்று இதை வாயால் சொல்ல எனக்கு வராது. உங்கள் வீட்டில் போன் இல்லை. தந்தி கொடுத்தால் பழைய கோபம் என்று நினைப்பீர்கள். ஆகவே முழுவதையும் படியுங்கள்.

அந்த வாக்கியம் பொய்.

கிலோமீட்டர் பலகை தெரிந்ததும் நாலு எட்டை மெதுவாக வைத்து, இரண்டு மூச்சைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் ஒரே ஒரு வாக்கியம் சுத்தமாக வரும். முன்னால் ஓடுகிறவருக்கு எதுவும் தெரியாது. அன்று இப்படித்தான் உங்களை ஏமாற்றினேன். பதினெட்டாவது கிலோமீட்டரிலிருந்தே எனக்குக் கண் இருட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, ஓடக் கூடாது, பிள்ளைகளுக்கும் வரலாம் என்று. சீட்டைக் கிழித்துப் போட்டேன். உங்கள் தங்கையிடமும் சொல்லவில்லை. பிறகு உங்கள்மேல் கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்தது.

வாயாடிக்கு எட்டு வயதில் மாடிப்படி ஏறவைத்து, மூச்சு வாங்காமல் பேசினால் மிட்டாய் என்று இந்த வித்தையை நான்தான் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் மேல்படியில் உதடு நீலமாக நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவளை ஓடவிடாதீர்கள். கேட்க மாட்டாள். அப்படி மீறி ஓடினால், ஒரு வாக்கியத்தோடு விடாதீர்கள். உடனே இன்னொன்று கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்துக்கு அந்த வித்தை செல்லாது.

இது சனிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். தபால்காரரின் சைக்கிள் பஞ்சராகுமோ என்றுகூட யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்


31.1.1993, மருத்துவமனை

மாப்பிள்ளை,

இதை எனக்குத் தெரிந்த பஸ் நடத்துநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் இதைப் படியுங்கள்: உயிரோடு இருக்கிறாள்.

உங்கள் கடிதம் நேற்று மாலைதான் வந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பாவுக்கு உங்கமேல இருக்கிற கடுப்புக்கு என் நெஞ்சுதான் கிடைச்சுதா?" என்றாள். நான் வராவிட்டால் தனியாக ஓடுவேன் என்றாள். விடிந்ததும் உடன் ஓடினேன். முன்னால் அல்ல, பக்கத்தில்.

பன்னிரண்டாவதில் கேட்டேன். "ஆளை விடுங்க மாமா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், சுத்தமாக. "சரி, இன்னொண்ணு சொல்லு" என்றேன். "மா..." என்றாள். அவ்வளவுதான். தோளைப் பிடித்தேன், என்மேல் சாய்ந்தாள். தரையில் விழவில்லை. நாடி ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பாக இருந்தது. பெரிய டாக்டர் செவ்வாய்க்கிழமை பார்த்துச் சொல்வாராம்.

நீங்கள் உங்கள் பங்கைச் சொல்லிவிட்டீர்கள். என் பங்கு இது. அன்று நீங்கள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று என் நேரம் நன்றாக வந்துகொண்டிருந்தது.

தங்கையை அழைத்துக்கொண்டு உடனே வாருங்கள்.

மச்சான்


2.2.1993, அதே மருத்துவமனை

மச்சானுக்கு,

ஒரே பெஞ்சின் இந்த முனையில் உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். வந்து ஒரு பகல் முழுக்க ஆகியும் நாம் பேசிக்கொள்ளவில்லை. உங்கள் தங்கை இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு வாயாடியிடம் போய்விட்டாள்.

சத்தம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க இப்போது தெம்பும் இல்லை. நான் மறைத்ததை நீங்களும் மன்னிக்க வேண்டாம்.

பெரிய டாக்டர் உள்ளே போய் அரை மணி நேரமாகிறது. அந்தக் கதவு திறக்கும்போது எழுந்து போக என் கால் வராது. நீங்கள் முன்னால் போய்க் கேளுங்கள். இரண்டடி பின்னால் நான் வருவேன்.

அவர் சொல்லி முடித்ததும், தயவுசெய்து, ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மாப்பிள்ளை