கூரை ஏறாத வருடம்

சிவமயம்
ஈஜோக், தோட்டத்துக் கிராணி வீடு
8.2.1927

என் அருமைத் தங்கை பராசக்திக்கு,

இங்கே நானும் அத்தானும் பெடியள் நால்வரும் சுகம். அங்கும் ஒரு குறையும் இராதபடி நல்லூரான் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் மகள் கமலாவுக்கு ரவாங் பொன்னம்பலத்தாரின் மகனைப் பேசி முடித்ததை அத்தான் கோலா சிலாங்கூர் அரசாங்கக் கந்தோரில் கேட்டுவந்து சொன்னார். பெரியம்மாவுக்கு ஊரார் வாயால்தான் தெரியவேண்டுமா? சரி, போகட்டும். அப்பாவின் வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதுகிறாயாம். மாப்பிள்ளையின் தாய் முகப்பைப் பார்த்துவிட்டு, "உந்தப் பழைய சோடினையெல்லாம் கழட்டிப்போட்டுச் சீமெந்துத் தூண் வைக்கவேணும்" என்றாவாம். நீ வாய் திறக்கவில்லையாம்.

விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு விழா வருடம் அத்திவாரம் போட்ட வீடு அது. சீமையிலிருந்து வந்த இரும்புக் கிராதி, பச்சையும் சிவப்புமான கண்ணாடி, கூரை ஓரத்தில் சரிகை போல் இழைத்த பலகை, இதெல்லாம் இந்தப் பக்கத்தில் வேறு யார் வீட்டில் உண்டு? ஆசாரி ஒவ்வொரு பலகையாக அறுத்தபோது பக்கத்தில் நின்றவள் நான். நீ சட்டையைக் கடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை.

என் கல்யாண வருடம் கூரை ஏறவில்லை. கூரையில்லாத வீட்டைச் சீதனம் என்று எழுதினால் சனம் சிரிக்கும் என்று அப்பா நகையாகக் கொடுத்தார். உன் முறை வந்தபோது வீடு முழுசாக நின்றது. என் நகை தேய்ந்து போயிற்று. உன் வீடு நிற்கிறது. அக்காவுக்கு வயிற்றெரிச்சல் என்பாய். ஆம், எரிகிறது. கையில் இருக்கிறபோது அருமை தெரியாத உன்னைப் பார்த்து எரிகிறது.

உன் அக்கா,
வாகீஸ்வரி

கோலா சிலாங்கூர்
17.2.1927

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் உறுதியாகுமுன் சொன்னால் கண்படும் என்று இவர்தான் தடுத்தார். கோபிக்காதேயுங்கோ.

வீடு தூர இருந்து பார்க்கிறவர்களுக்கு அழகு. அந்தச் சரிகைப் பலகைக்குள் வௌவால் குடித்தனம் நடத்துகிறது. மழை வந்தால் ஏழு சட்டி வைக்கிறேன். உடைந்த கண்ணாடிக்குப் பதில் கிடைக்காமல் கடதாசி ஒட்டியிருக்கிறேன். ஒருநாள் வந்து அந்தக் கிராதியைத் துடைத்துப் பாருங்கோ, அருமை கை வலியில் தெரியும்!

சம்பந்தியம்மாவோடு நான் வாதாடவில்லை என்பது மெய். மகளைக் கொடுக்கிற இடம், பலகைக்காகப் பகைக்கலாமா? ஆனாலும் உங்கள் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை.

கல்யாணம் வைகாசியில். ஒரு மாதம் முன்னே வந்துவிடுங்கோ. "பெரியம்மாதான் எனக்குத் தலை பின்னிப் பூ வைக்கவேணும், வேற ஆரும் தொடக்கூடாது" என்று கமலா கட்டளை போட்டிருக்கிறாள்.

உங்கள் தங்கை,
சக்தி

ஈஜோக்
2.4.1927

என் தங்கை சக்திக்கு,

ரவாங்கார் விலகிவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மொட்டைக் கடிதம் போட்ட பாவி யாரோ! கட்டிக்கொடுக்கும் வயதுப் பிள்ளையின் வாழ்வில் மண் போட எப்படி மனம் வந்ததோ! உன் வாழ்வைக் கண்டு பொறாமைப்படுகிறவர்களுக்கு ஊரில் குறைவா?

கலங்காதே. கமலாவின் குணத்துக்கு இதைவிட நல்ல இடம் வரும். ஒரு வகையில் பார்த்தால் வீடு தப்பியது. அதை நினைத்து ஆறுதல் கொள்.

நான் வரட்டுமா? ஒரு வரி எழுது.

உன் அக்கா,
வாகீஸ்வரி

கோலா சிலாங்கூர்
11.4.1927

வாகீஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

இவர் போன மாதம் ரவாங்குக்குப் போய், முகப்பில் ஒரு பலகையையும் தொடக்கூடாது என்று பேசினார். சம்பந்தியம்மாவும் கடைசியில் சம்மதித்தா. உங்களுக்குச் சொல்லக் கடிதம் எழுதி மடித்து வைத்திருந்தேன். மறுநாள் அவர்கள் மொட்டைக் கடிதத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் போட்டார்கள்.

இடக்கையால் எழுதியதுபோல் எழுத்து. கமலாவுக்கு வலிப்பாம். இவர் கள்ளுக்கடையே கதியாம். எனக்கு நாக்கு நீளமாம். சம்பந்தத்தைக் கெடுக்க நினைக்கிறவர் எவரும் முதலில் வீட்டைத்தான் பிடிப்பார். கறையான் அரித்தது, பேய் உலாவுகிறது என்று ஒரு வரி போதும். அந்த வரி அதில் இல்லை. "வீடு மாத்திரம் குறையற்றது, அதற்குத் தகுதியில்லாதவர் கையில் இருக்கிறது" என்று எழுதியிருந்தது. இவர் இரண்டு தரம் வாசித்தார். எனக்கு ஒரு தரம் போதுமாக இருந்தது.

பெற்று வளர்த்த பிள்ளையைப் போல் நீங்கள் கொஞ்சிய கமலாவைப் பழித்து எழுதக் கை கூசவில்லை. வீட்டைப் பழிக்க மட்டும் கை வரவில்லை.

அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "பெரியம்மாவைக் கூப்பிடுங்கோவன் அம்மா, அவ வந்தா எனக்கு ஆறுதலா இருக்கும்" என்று மூன்று நாளாகக் கேட்கிறாள். இனியும் சொல்ல மாட்டேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டைப் பார்க்க ஆசை வந்தால் வாருங்கள். வழிப்போக்கர் பலர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரையும் நாங்கள் தடுத்ததில்லை.

இப்படிக்கு,
திருமதி சிவானந்தம்