பழைய பாகங்களும் போகுமோ

ஞாயிறு, இரவு

கல்லூரிக் காலம் முதல் நானும் வியாசர்பாடி கலாவும் விளையாடும் கப்பல் கேமை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. புதிய பாகத்தில் புயல் வந்தால், பணம் கட்டினால்தான் கப்பல் கரை சேரும்.

"இன்னாடி இது, பகல் கொள்ளையா கீது!" என்று கொதித்த கலா, அதையே அவர்களுடைய தளத்தில் விமர்சனமாக எழுதினாள். மாலையில் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"என் அக்கவுண்ட்ட மூடிட்டானுங்கடி. துட்டு குடுத்து வாங்குன பழைய கேம் ஒண்ணுகூட இல்ல."

நானும் காலையில் அப்படித்தான் எழுதியிருந்தேன். பயந்துபோய் அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. 'உங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் வருகிறது.

முதல் பாகத்தைத் திறந்தேன். இன்னும் ஓடுகிறது. அணைத்தால் மறுபடி திறக்குமா தெரியவில்லை. அணைக்காமலேயே உட்கார்ந்திருக்கிறேன்.