மேசையை விட்டு நகரும் நேரம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் புள்ளிவிவரம் கூப்பிட்டனுப்பினார். எங்கள் மேலாளருக்குச் சலவைக்கூடமே சேர்ந்து வைத்த பெயர் அது. தீப்பிடித்தது என்று சொன்னாலும் எத்தனை அடி உயரம் என்று கேட்பார். ஆட்களிடம் உற்சாகம் இல்லையாம், மடிக்கும் வேகம் குறைந்துவிட்டதாம். நல அலுவலர் என்று நீ எதற்கு இருக்கிறாய் என்று கேட்கவில்லை, கேட்டமாதிரி பார்த்தார்.

நானும் யோசித்து வைத்துக்கொண்டுதான் போனேன். சுவரில் ஒரு பலகை, மேசைக்கு ஒரு வரிசை, வேகமாகவும் சுத்தமாகவும் மடித்தால் நட்சத்திரம். மூன்று மாதம் கழித்து முதலில் வரும் மேசையின் இருவருக்கும் சம்பளத்தோடு பத்து நாள் விடுமுறை. அங்கே பதினொரு வருஷம் நின்று மடித்தவள் நான். அவர்களுக்கு வேண்டியது கேடயம் இல்லை, ஓய்வு.

அவர் ஒரே ஒரு வரி சேர்த்தார். ஒரு ஷிப்டில் இரண்டு தடவைக்கு மேல் மேசையை விட்டு நகர்ந்தால் ஒரு நட்சத்திரம் போகும். தட்டச்சு செய்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தோம். மூச்சுப் பயிற்சிக்கு ஒருவர் வந்தார். நீராவி இஸ்திரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, சுத்தமான காற்றை உள்ளே இழுங்கள் என்றார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என்றால் என் ஜோடி. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் அலுவலகத்துக்கு மாறும்வரை எதிர் முனையைப் பிடித்தது அவள்தான்.

அவள் மகளுக்கு ஜூனில் பிரசவம். "அந்தப் பத்து நாள் எனக்குத்தான், பார்த்துக்கோ," என்றாள்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று அக்காவின் வரிசையில் ஒரு நட்சத்திரத்தை அழித்தேன். மூன்று தடவை நகர்ந்தாளாம், பட்டியல் வந்தது. அவள் பார்க்கும்போதே அழித்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

அக்காவின் மேசை முதலிடம். ஆனால் முகம் வெளிறி இருக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேசைக்குக் கீழே தட்டில் அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலி. உள்ளே ஈரமே இல்லை. பக்கத்து மேசை, அதற்குப் பக்கத்து மேசை — எல்லாமே காய்ந்து கிடந்தன.

ஏன் குடிப்பதில்லை என்று கேட்டேன்.

"தண்ணி குடிச்சா போகணும். போனா நட்சத்திரம் போகும்," என்றாள். கை மடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்து வாரமாகவா? நாள் முழுக்க அந்தச் சூட்டில்?

ஏப்ரல் 17, வெள்ளி

அந்த வரியை எடுத்துவிடலாம் என்று புள்ளிவிவரத்திடம் போய்ச் சொன்னேன். வேகம் பதினெட்டு சதவீதம் கூடியிருக்கிறது, இப்போது போய் யாராவது கை வைப்பார்களா என்றார். வேண்டுமானால் தண்ணீர் குடிப்பதன் அவசியம் பற்றி ஒரு கூட்டம் போடச் சொன்னார்.

போட்டேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற உத்தியோகம்.

மே 5, செவ்வாய்

அக்காவுக்குக் காய்ச்சல். லீவு போடு என்று கெஞ்சினேன். இன்னும் நாலே வாரம் என்கிறாள்.

மே 21, வியாழன்

விழுந்துவிட்டாள். விரிப்பைக் கையில் பிடித்தபடியே. எதிரே நின்றவள், ஏதோ விளையாட்டுக்கு இழுக்கிறாள் என்று நினைத்தாளாம். சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறியிருக்கிறது. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் அவள் கணவரைத் திட்டினார். அந்த மனுஷன் என்ன பண்ணுவார். திட்ட வேண்டிய ஆள் பக்கத்தில்தான் நின்றேன்.

மே 22, வெள்ளி

அறிக்கை எழுதச் சொன்னார்கள். பாட்டில் வழங்கப்பட்டது, விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப்பட்டது, ஊழியர் அறிவுரையைப் பின்பற்றவில்லை.

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. இதையெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டிருக்கேன், யார்கிட்ட நியாயம் கேட்கறேன்?

மே 27, புதன்

மருத்துவமனைக்குப் போனேன். அவள் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் சலவைக்கூடத்தின் முத்திரை. அறிக்கையின் நகல் அக்கா வீட்டாரிடம் வந்துவிட்டது. மருத்துவச் செலவைத் தர முடியாது என்பதற்கு நிறுவனத்தில் அதைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

அக்கா அழவில்லை, சத்தம் போடவில்லை. "பாட்டில் குடுத்தது நிஜம். நான் குடிக்காததும் நிஜம். ஏன்னு மட்டும் நீ எழுதலையே," என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை. நடந்தே வந்தேன்.

ஜூன் 1, திங்கள்

ஏன் என்பதை எழுதினேன். நான்கு பக்கம். அந்த ஒரு வரி, அதைத் தட்டச்சு செய்தது யார், என் கையால் அழித்த நட்சத்திரங்களின் பட்டியல், எல்லாம். ஒரு பிரதி நிறுவனத்துக்கு, ஒன்று தொழிலாளர் அலுவலகத்துக்கு, ஒன்று அக்காவின் கணவருக்கு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, ரெண்டு பேருமா சேர்ந்து வேலை தேடலாம். தனியா அலையறது போரடிக்குது," என்றார்.

ஜூன் 11, வியாழன்

அக்காவுக்குப் பேத்தி. போனில் பார்த்தாளாம், ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுத்துக்கொண்டு. மகளுக்குத் துணையாக மாமியார் இருந்தாராம். பத்து நாள் விடுமுறை ஏழாவது மேசைக்குப் போயிற்று.

ஜூன் 29, திங்கள்

விசாரணை முடிந்தது. மருத்துவச் செலவைத் தந்துவிட்டார்கள். அறிவிப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதையே மேற்பார்வையாளர் இப்போது வாயால் சொல்கிறார். என் பதவியை ‘மறுசீரமைப்பு’ செய்திருக்கிறார்கள். மடிக்கும் மேசை அல்லது வாசல். மேசை போதும் என்றேன்.

ஜூலை 12, ஞாயிறு

அக்கா இனி நிற்கிற வேலைக்கு வர முடியாது. பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம், அவள் அதைச் சமாதானப்படுத்துகிற சத்தம். நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியும். கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

புது நல அலுவலர் மேசை மேசையாக வந்து ஒரு தாள் கொடுத்தார். இந்த இடத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள். பேர் எழுத வேண்டாம், பயப்படாமல் போடுங்கள் என்றார். மூலையில் சின்னதாக என் பணி எண் அச்சாகியிருந்தது.

ஒன்று என்ற எண்ணை வட்டமிட்டேன். எதிரே நிற்பவள் என் தாளை எட்டிப் பார்த்தாள். தன்னுடையதில் ஐந்தை வட்டமிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

அடுத்த விரிப்பை எடுத்து இரண்டு முனைகளை அவளிடம் நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.