நீங்கள் ஏற்றுக்கொண்ட நோய்

இப்போதெல்லாம் சாயங்காலமானால் என் விரல்களில் ஸ்பிரிட் வாடை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் போவதில்லை. ஐரோலியில் நம் மகள் வீட்டில், அவள் சோபாவில் சாய்ந்து படுத்துக்கொள்ள, நான் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசி போடுகிறேன். ரத்தம் உறையாமல் இருந்தால்தான் வயிற்றில் பிள்ளை தங்குமாம். "ஏம்மா பாத்துக்கிட்டே நிக்க? நானே போட்டுக்கிடுதேன்" என்கிறாள். ஊசி போடப் பயமா எனக்கு? அந்த வாடை வந்ததும் நீங்கள் என் முன்னால் வந்து நின்றுவிடுகிறீர்கள், அதுதான்.

நமக்கு மூன்றாவது பிள்ளையும் வயிற்றிலேயே போயிருந்த சமயம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், "ஆத்மி கோ லேகே ஆவோ", புருஷனைக் கூட்டிக்கொண்டு வா, என்றார்கள். நீங்கள் தாராவியில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர், விரலில் சாக்பீஸ் தூளோடு அப்படியே வந்தீர்கள். மேகநோயாம். புருஷனிடமிருந்து பெண்சாதிக்கு வரும், பெண்சாதியிடமிருந்து புருஷனுக்கும் வரும். உங்கள் ரத்தத்தை எடுத்துப் பார்க்காமலே, இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். துணைக்கு வந்திருந்த என் அண்ணனும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அண்ணன் என்னைத்தான் பார்த்தான். நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள். "அவளை ஏன் பாக்கீய? தப்பு எம்மேலதான் மச்சான். கல்யாணத்துக்கு முன்னால உள்ள பழைய சோலி" என்றீர்கள். வரிசையிலும் முதல் ஆளாக நின்று ஊசி போட்டுக்கொண்டீர்கள். வீட்டுக்கு நொண்டி நொண்டி நடந்து வந்தீர்கள்.

அண்ணன் நம் சர்ச் சபையில் கமிட்டி மெம்பர் அல்லவா, விடுவானா? "மாப்ள, இனி நீரு திருவிருந்துக்கு எந்திரிச்சு வராதேயும்" என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு ஒவ்வொரு திருவிருந்து ஆராதனைக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். எல்லாரும் எழும்பி அப்பம் வாங்க முன்னால் போவோம். நான் தாண்டிப்போக நீங்கள் காலை மடக்கி வழிவிடுவீர்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போவேன். "இப்படிப்பட்ட ஆளோட பொறுத்துக் கெடக்காளே, தங்கமான பிள்ளை" என்று பெண்கள் பேசுவது காதில் விழும். அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. உங்களை மன்னித்துவிட்டவள் என்கிற கர்வத்தோடு அப்பம் வாங்கினேன்.

பிறகு இவள் பிறந்தாள். ஊசி வேலை செய்துவிட்டது என்றார்கள், நானும் நம்பினேன். பிரசவத்துக்குப் பின் என் கால் வாழைத்தண்டாக வீங்கி, நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று படுக்க வைத்தார்களே, அப்போது குழந்தையின் துணியையெல்லாம் பொதுக் குழாயடியில் நீங்கள்தான் அலசினீர்கள். செய்த பாவத்துக்குச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மகளுக்கும் இரண்டு தடவை கலைந்தது. உங்களுக்கு அது தெரியாது, நீங்கள் போன பிறகு நடந்தது. அவள் ரத்தத்தில் ஆன்டிகார்டியோலிபின் என்று ஏதோ இருக்கிறதாம். உடம்பைக் காக்க வேண்டியதே உடம்புக்கு எதிராகத் திரும்பி, ரத்தத்தை உறைய வைத்து, பிள்ளைக்குப் போகிற வழியை அடைத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். சிலருக்குக் காலில் கட்டுமாம், சிலருக்கு மூளையில். "அம்மாவுக்கு இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். மூன்று பிள்ளை போனதைச் சொன்னேன். கால் வீங்கியதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்துல மேகநோய் இருக்குன்னு எப்பவாவது சொன்னாங்களா?" என்றார்.

பக்கத்தில் மருமகன் உட்கார்ந்திருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபடியே தலையாட்டினேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்தக் கோளாறு ரத்தத்தில் இருந்தால், மேகநோய் இல்லாமலே அந்தச் சோதனை இருக்கிறது என்று காட்டிவிடுமாம். இன்னொரு சோதனை வைத்து உறுதி செய்ய வேண்டுமாம். நமக்கு யாரும் அதைச் செய்யவில்லை. அவர் என் ரத்தத்தை எடுத்துச் செய்து பார்த்தார். மேகநோய் ஒரு தடவை வந்திருந்தால், மருந்து எடுத்திருந்தாலும், பெரும்பாலும் ஆயுசுக்கும் சுவடு இருக்குமாம். என்னிடம் சுவடே இல்லை. மகளிடம் இருக்கிற அந்தக் கோளாறு மட்டும்தான் இருந்தது.

ஆட்டோவில் வரும்போது மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்பா ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றாள். பாலம் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ஏம்மா தான்தான்னு சொன்னாரு?" என்று கேட்டாள்.

நீங்கள் தப்பு செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னால் பொய்யாக இருக்காது என்று நம்புகிற ஆள் நீங்கள். அப்படியானால், அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்ற அந்த நேரத்தில், உங்கள் மனதில் தப்பு யாருடையதாக இருந்திருக்கும்? ஒருவேளை என்னைச் சந்தேகப்படாமலேயே அண்ணன் வாயை அடைக்கச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் நம்ப முடியவில்லை.

அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டான். அவனுடைய வெட்கம் அவனோடு போகட்டும். என்னுடையதை எங்கே கொண்டு வைப்பேன்? உங்களைத் தவிர யாரையும் நான் நினைத்ததில்லைங்க. ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவே இல்லை. நான் அப்படிப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டேதான், நான் குடித்து மிச்சம் வைத்த டீயைக் கடைசி வரை எடுத்துக் குடித்தீர்கள். நானோ, உங்கள் எச்சில் ஆகாதென்று உங்கள் டம்ளரைத் தனியாக வைத்திருந்தேன்.