நாலாவது பெண்

ஐப்பசி 9, திங்கள்

விடியற்காலை முதல் மழை. குடையில் கிழிசல். எட்டு மணிக்குப் பொலிஸ் நிலையம். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. கைதிக்கு இங்கிலீசு தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க நான்.

கைதி வீடு வீடாய்ப் புடைவை விற்றவன். தனித்த பெண்களுக்குக் கலியாண ஆசை காட்டி, நகையோடு கூட்டிப்போய்க் கொன்றிருக்கிறான். உடுவிலில் ஒருத்தி, நெல்லியடியில் இருவர். ஒப்புக்கொண்டான். சந்தைச் செய்தி சொல்வதுபோல் சொன்னான்.

"வேறை ஒருத்தரும் இல்லையோ?" துரை கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

"இன்னுமொரு ஆள், ஐயா. பேர் மறந்துபோச்சு. தம்பியோடை கோவிச்சுக்கொண்டு வந்தவ."

இங்கிலீசில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஐப்பசி 10, செவ்வாய்

அக்கா போய் இரண்டு வருடம். அம்மா செத்தபின் என்னை வளர்த்தவள். கலியாணமே செய்யாதவள். நாற்பது வயதில் ஒருநாள், கூச்சத்தோடு: "என்னை ஒருத்தர் கேக்கிறார், தம்பி. புடைவை விக்கிறவர்."

"இந்த வயசிலை மாப்பிள்ளையோ? போறதெண்டால் போ. திரும்பி வராதை." நான் சொன்னது. ஊருக்கு, மலாயாவில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

துரையிடம் சொல்லவேண்டும். சொன்னால் வேறு ஆளைப் போடுவார். சொல்லவில்லை.

நாலாவது பெண்ணின் நகைகளைப் பற்றிக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கூடவே என் கேள்வி ஒன்றும்: "இடக்கைச் சுண்டுவிரல் எப்பிடி?"

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நுனி இல்லை. தம்பி சின்னனிலை வெட்டினது எண்டவ."

எனக்கு அப்போது ஐந்து வயது. ஓலை வாரும் கத்தியை அவள் கையிலிருந்து பறித்தேன்.

துரைக்கு, "இரண்டு காப்பு, ஒரு சங்கிலி" என்று மட்டும்.

ஐப்பசி 11, புதன்

அவனுக்கு விளங்கிவிட்டது. "ஐயாவின்ரை அக்காவோ?"

என்ன கேட்கிறான் என்றார் துரை. தண்ணீர் கேட்கிறான் என்றேன். ஆகவே செம்பை எடுத்து நானே அவன் கையில் கொடுக்கவேண்டி வந்தது. குடித்தான்.

"கடைசியா என்ன சொன்னவ?" தமிழில், மெல்லக் கேட்டேன்.

"கொடிகாமச் சந்தையடியிலை நிண்டிட்டா. பயமாக் கிடக்கு, வீட்டை போறன் எண்டா. நான் மறிக்கேல்லை. கொஞ்சத் தூரம் போனவ. பிறகு தானே திரும்பி வந்தவ. 'தம்பி என்னை உள்ளுக்கை விடமாட்டான்' எண்டு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

அவன் காட்டிய பனங்கூடலுக்குள், மரங்களின் நடுவே பாழ்கிணறு. இறைக்க மத்தியானம் ஆயிற்று. எலும்புகள். நீலச் சேலைத் துண்டு. பெயர் தெரியாத பெண் என்று துரை எழுதப்போனார்.

"செல்லம்மா" என்றேன். "என் அக்கா."

பேனையை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். திங்கள் முதல் என்றேன். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஐப்பசி 15, ஞாயிறு

நேற்றுத் தகனம். ஈர விறகு, பற்ற நெடுநேரம். கால் இன்னும் சேறு மணக்கிறது.

வழக்கில் இனி வேறு மொழிபெயர்ப்பாளர். நான் சாட்சி. சந்தையடியில் அக்கா அவனிடமே திரும்பிப் போன கதையை இன்றுதான் மனைவியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு:

"அதை மட்டும் கோட்டிலை சொல்லாதேயுங்கோ. சனம் காறித் துப்பும்."

"துப்பட்டும்."