‘கோயில்’ என்று போடாத கடிதம்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு ஈமெயில் குழு இருக்கிறது. வாட்ஸ்அப் என்றால் சண்டை வருகிறதாம். குழுவுக்கு வருகிற கடிதத்தின் தலைப்பில் முதலில் அடைப்புக்குள் ‘கோயில்’ என்று நிற்கும். அதை வைத்துத்தான் இது எல்லாருக்கும், இது எனக்கு மட்டும் என்று பிரித்துக்கொள்வேன்.

இன்று கொழுந்தெடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் என் சிநேகிதி லெட்சுமியின் கடிதத்தைப் பார்த்தேன். உடம்புக்கு முடியவில்லை, இந்த வருசம் கரகம் தூக்க வரமாட்டேன் என்று எழுதியிருந்தாள். ‘கோயில்’ என்று இல்லை. எனக்குத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்து வழக்கம்போலக் கேலி செய்தேன். “உடம்புக்கு என்னடி? கொழும்பு பங்களாவுல சட்டி கழுவ ஆள் இல்லைன்னு வீட்டுக்கார நோனா லீவு குடுக்கலையா?” என்று பதில் போட்டேன்.

அவள் கொழும்பில் மகள் வீட்டில் இருப்பதாகத்தான் தோட்டத்தில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அங்கே வீட்டு வேலைக்குப் போவது இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் மருமகள் போனோடு ஓடி வந்தாள். “என்ன அத்தை இப்படி எழுதிட்டீங்க? உங்க புது போன் தலைப்புல ‘கோயில்’னு இருந்தாலும் காட்டாம மறைச்சிரும். அவங்க எழுதுனதே குழுவுக்குத்தான், உங்க பதிலும் எல்லாருக்கும் போயிருச்சு.”

லெட்சுமிக்குப் போன் போட்டேன். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை.

“சிரிக்கத்தானே எழுதுனீங்கக்கா” என்றாள். “நம்ம தோட்டத்துல இருக்கிற மக மாமியாரும் படிச்சிட்டாங்க. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போவேன்?”

  அந்தப் பக்கம் பங்களாவுக்குள்ளிருந்து யாரோ அவளைச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள்.

“வச்சிடுறேன்கா” என்றாள்.