நகலெடுத்த இடங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. போனில் "சாப்ட்டீங்களாப்பா" என்று கேட்ட கையோடு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ வேலையில் எழுதும் அதே ரஸ்ட் என்ற கணினி மொழியை நானும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். சிரிக்காதே. உன் அம்மா சிரித்தாகிவிட்டது. "இந்த வயசுல அவனவன் வாக்கிங் போறான், நீங்க கம்ப்யூட்டரோட மல்லுக்கு நிக்கிறீங்க" என்கிறாள்.

ஆபீஸில் எனக்கு இப்போது ஜன்னலோர மேசை. வேலை பறிக்கப்பட்டவனுக்குத்தான் அங்கே ஜன்னல் கிடைக்கும். நான் சி மொழியில் எழுதி வளர்த்த மென்பொருளை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ரஸ்டுக்கு மாற்றுகிறார்கள். "சி எழுதின கைக்கு இது படியாது சார், விட்டுடுங்க" என்றான் புது மேனேஜர். அதை மறக்க மாட்டேன். என் தம்பி மகனுக்கு நீ வீடியோ காலில் பொறுமையாக இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்ததையும் மறக்கவில்லை. நம் வீட்டில் உட்கார்ந்துதான் கேட்டான். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

ஒரு கோப்பில் எத்தனை சொற்கள் என்று எண்ணும் சின்ன நிரல் எழுதினேன். கோப்பிலிருந்து படித்த வாசகத்தை, எண்ணும் வேலைக்கென்று அதற்குள் எழுதிய ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்தேன். அடுத்த வரியில் அதையே திரையில் காட்டச் சொன்னால், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் மறுத்துவிட்டது. வாசகம் அந்த ஃபங்ஷனோடு போய்விட்டதாம், இனி எனக்குக் கிடையாதாம். சி-யில் காலமெல்லாம் இப்படித்தான் எழுதினேன், ஒருவரும் வழிமறித்ததில்லை. வந்த கோபத்தில், இடித்த இடத்திலெல்லாம் குளோன் போட்டு, நகலெடுத்துக் கொடுத்தேன். ஓடிவிட்டது. எதிர் மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஜெராக்ஸ் கடை தொறந்துட்டீங்களா?" என்றார்.

நிரலை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். நகலே தேவையில்லை, ஒரு & குறி போட்டுப் பார்க்க மட்டும் கொடுத்தால் போதும் என்பது இப்போது எனக்குத் தெரியும். திருத்தியது இங்கே என் கணினியில் இருக்கிறது. உனக்கு அனுப்பியது திருத்தாதது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடு. "என்னப்பா இது, இப்படியா எழுதுவாங்க" என்று ஆரம்பி. நான் வீம்புக்கு வாதாடுவேன், நீ விடாதே. எல்லாத் தப்பையும் ஒரே நாளில் சொல்லி முடித்துவிடவும் வேண்டாம்.

நன்றாக இரு, கண்ணம்மா.

அப்பா